பல்லி கண்ணைச் சிமிட்டுது

டேய் காது,

கோபமாகத்தான் இருப்பாய். அம்மா காரியத்துக்கு வரவில்லை, போனிலும் நாலு வார்த்தைக்கு மேல் எனக்கு வாய் வரவில்லை, அப்புறம் எழுதலாம் எழுதலாம் என்றே ஏழு மாதம் ஓடிவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, சர்க்கரைக்காரனுக்குச் சீக்கிரமே வருமாம். நம்ம கூட்டாளி ட்யூப்லைட் இன்னும் எல்லாருக்கும் கைமாத்து கொடுத்து ஏமாந்துகொண்டிருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ ஒரு பொய்யன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் சும்மா கிடந்தபோது அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு ப்ளூரே பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். நம்ம ஸ்டார் ட்ரெக், அந்த விண்வெளிக் கப்பல் தொடர். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டு டயனோரா டிவியில் தூர்தர்ஷனில் பார்த்தோமே, அதேதான், 79 எபிசோடும். முதலில் எதைப் போட்டிருப்பேன் என்று உனக்கே தெரியும். கப்பல் கேப்டன் கிர்க்கையும் அந்தப் பல்லி மனிதனையும் மொட்டைப் பாறையில் இறக்கி அடித்துக்கொள்ளச் சொல்வார்களே, அது. பாதிப் படத்தில் பல்லி கண்ணைச் சிமிட்டியது, மாப்ளே. ஆபரேஷன் கண்தான் ஏதோ கோளாறு செய்கிறது என்று பயந்துபோய் இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். அதிலும் சிமிட்டுகிறது.

அக்கா மகன் சிரிக்கிறான். 2006-ல், தொடரின் நாற்பதாவது வருஷத்துக்காக, பழைய ஃபிலிமை எல்லாம் ஸ்கேன் செய்து விண்வெளிக் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்தார்களாம். அதோடு விட்டிருக்கலாம். 1967-ல் ரப்பர் உடுப்புக்குள் நின்ற மனிதனுக்கும் இமை வைத்துவிட்டார்கள். அந்தச் சிமிட்டாத கண்தானே பயம்! நான் மாடியில் குளிரில் நின்றதே அதற்காகத்தானே.

கப்பலை மாற்றியதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் காலத்தில் கப்பல் ஒரு ஃபிலிம், நட்சத்திரம் ஒரு ஃபிலிம், கிரகம் ஒரு ஃபிலிம் என்று எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படியெடுத்துச் சேர்ப்பார்களாம். ஒவ்வொரு படியிலும் புள்ளியும் தூசியும் ஏறும். நடிகர்களின் முகம் பளிச்சென்று இருக்கும், வெளியே கப்பல் மட்டும் புழுதிக் காற்றில் போகிற மாதிரி இருக்கும். சின்னத் திரையில் தெரியாது, இப்போதைய டிவியில் காட்டிக்கொடுத்துவிடும். சரி, துடைக்கட்டும். ஆனால் கிரகங்களைத் தின்னும் ஒரு ராட்சசக் குழல் வருமே, அதில் உடைந்து கிடக்கும் இன்னொரு கப்பல், கடையில் விற்ற பிளாஸ்டிக் பொம்மைக் கப்பலை வாங்கி, நெருப்பில் வாட்டிச் செய்தது! நம் கப்பலின் நம்பர் 1701. பொம்மையோடு வந்த ஸ்டிக்கரில் இருந்த அதே எண்களை இடம் மாற்றி ஒட்டி 1017 ஆக்கிவிட்டார்கள். உங்கள் அப்பாவின் ஸ்கூட்டர் நம்பரில் நாம் செய்த வேலையேதான். புதிய பதிப்பில் கம்ப்யூட்டர் கப்பல், கன கச்சிதம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருத்தன் மெழுகுவத்தியோ எதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்து பொம்மையைக் கருக்கியிருப்பானே, அந்தக் கை அதில் இல்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். மீனாட்சி கோயில் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் வண்ணம் அடிக்கிறார்கள், 2009-ல் அடித்தபோது நாம்தான் வடக்கு ஆடி வீதியில் நின்று வாய் பிளந்தோம், அப்போது எங்கே போச்சு உன் நியாயம் என்பாய். இரண்டு நாள் யோசித்தேன், பதில் வரவில்லை. சுதைக்கு வண்ணம் போவதும் அடிப்பதும் வழக்கம், இது அப்படியா? தெரியவில்லை. மூடியிருக்கும் கண்ணைத் திறந்துவைத்தால் ஸ்தபதியை விடுவார்களா? இதுவும் சரியாக ஒட்டவில்லை. விடு.

இப்போது பொய்க்கு வருகிறேன். படம் புள்ளி புள்ளியாகப் போனதும் என்னைத்தானே மாடிக்கு அனுப்பினீர்கள்? கொஞ்சம் கிழக்கே போனால் இலங்கை ரூபவாஹினி வந்து தொலைக்கும் என்று ஆன்டெனா பைப்பைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். இறங்கி வந்தால் படம் முடிந்துவிட்டது. நீதான் கதை சொன்னாய்: கிர்க் பல்லியின் கழுத்தை அறுத்தான், பச்சை ரத்தம் பீறிட்டது என்று. நாற்பது வருஷமாக நம்பியிருந்தேன்டா. மூங்கிலில் கந்தகமும் கரியும் வெடியுப்பும் அடைத்துச் சுடுகிறான், அது நிஜம் (வைகைக் கரையில் நாம் செய்துபார்த்து உன் மாமா வேட்டி போனதும் நிஜம்). ஆனால் கடைசியில் கத்தியைக் கழுத்தில் வைத்துவிட்டு, கொல்ல மாட்டேன் என்று வீசிவிடுகிறான். விட்டுவிடுகிறான்! அதுதான் கதையே. கறுப்பு வெள்ளை டிவியில் பச்சை ரத்தத்தை எப்படிடா பார்த்தாய்? இந்தத் தொடரில் சிவப்புச் சட்டைக்காரன்தான் முதலில் சாவான் என்று உலகமே சிரிக்கிறதாம், நமக்கோ எல்லாச் சட்டையும் சாம்பல்தான். நீதான் எல்லாருக்கும் முந்தி எஃபெக்ட்ஸ் போட்டவன்.

இன்னொன்று. படம் ஓடும்போது எனக்குக் காதில் விழுந்தது கிர்க்கின் குரல் இல்லை. உங்கள் அம்மா முற்றத்தில் நின்றுகொண்டு, உள்ளே ஒரு எட்டு பார்ப்பதும் மேலே கத்துவதுமாக இருப்பார்களே. "இன்னும் லேசா திருப்புய்யா... போதும் போதும்... பல்லி வந்துருச்சு." இட்லி மாவுக் கையோடு. அதை எந்த டிஸ்க்கிலும் போடவில்லை. காரியத்துக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த முற்றத்தில் வந்து நிற்க முடியவில்லை, காரணம் அவ்வளவுதான்.

இந்த ப்ளூரேயில் ஒரு வசதி இருக்கிறது. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் பழைய காட்சி, மறுபடி அழுத்தினால் புதியது. இமை இல்லாத பல்லியை இன்னும் பார்க்காமல் வைத்திருக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு வா, எதிர்சேவை முடிந்ததும் போடலாம். ட்யூப்லைட்டையும் கூப்பிட்டிருக்கிறேன், மாடிக்கு அனுப்ப ஒரு ஆள் வேண்டுமே.

இப்படிக்கு,
ஆன்டெனா