எங்கள் பிள்ளைகளோடு ஆடியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் பொறுத்திருந்தவர்களுக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் சிறுவர் இல்லத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டுத் தன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமுக்குக் கைக்குழந்தையாக, யாரோ ஒரு அயலவரின் மடியில் வந்தவள் அவள். இப்போது இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் வேறு காரணங்களால் வந்தவர்கள், போரில் தாய் தகப்பனை இழந்து வந்தவர்கள் என்று இனி ஒருவரும் இல்லை. அதனால்தான் இந்த மடலை இப்போதே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். உதவியவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, ஒருவர் காலமாகியும் விட்டார். பிள்ளைகளின் நலனுக்காக யாருடைய பெயரையும் எழுதவில்லை, உங்களில் பலர் கேட்டதும் அதைத்தான். ஆனால் வாசிக்கும்போது இது என்னைத்தான் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஐயாவுக்கு.

ஐயா, நீங்கள் மத்தளத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறங்கிய அன்றைக்குச் சின்னவர்கள் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொண்டார்கள். மேளத்தைக் கண்டாலே அவர்களுக்குச் செல் (எறிகணை) விழப்போகிறது என்ற பயம், கதவு அடித்துச் சாத்தினாலே பங்கரை (பதுங்குகுழியை)த் தேடுகிற பிள்ளைகள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. விறாந்தையில் பாயை விரித்து, மத்தளத்தைக் கிடத்தி, வாரை இழுத்து இழுத்துச் சரிபார்த்தபடி, ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தீர்கள். கனநேரம் கழித்து ஒரு பொடியன் கிட்ட வந்து தோலை ஒற்றை விரலால் தொட்டான். "தட்டு மோனை" என்றீர்கள். தட்டினான், மெல்லியதாக ஒரு சத்தம் வந்தது. அவன் ஓடவில்லை, ஏனென்றால் அந்தச் சத்தம் அவனுடைய கையிலிருந்து வந்தது, வேண்டுமென்றால் நிறுத்தவும் அவனால் முடியும். பிறகு இரண்டு விரல், பிறகு உள்ளங்கை. அடுத்தடுத்த வாரங்களில் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து தட்டிப் பார்த்தார்கள். கடைசியாகத்தான் நீங்கள் உங்கள் கையால் அடித்தீர்கள், அப்போது கட்டிலுக்குக் கீழே ஒருவரும் இருக்கவில்லை.

போர் முடிந்த முதல் வருடங்களில் உளவளத்துணை என்று சொல்லி, போர் நடந்த வன்னிப் பகுதிக்குள் வேலை செய்ய அனுமதி எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த நாட்களில் ஒரு குழு வந்து, இரண்டு நாள் பயிற்சிப்பட்டறை என்று பிள்ளைகளுக்கு வர்ணப் பென்சிலைக் கொடுத்து, நீ கண்டதை வரை என்று வரையவைத்து, அழவைத்து, படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிரவு அந்தப் பிள்ளைகளோடு விழித்திருந்தவர் எங்கள் சமையலக்கா. அக்கா, உங்களுக்கும் இந்த இடத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். சோறு கறி சமைக்க வந்த நீங்கள், எந்தப் பிள்ளை எந்தக் கனவு கண்டு எழும்பும் என்று எங்கள் எல்லோரையும்விடத் தெரிந்து வைத்திருந்தீர்கள்.

கூத்து அப்படி இரண்டு நாளில் முடிகிற காரியம் இல்லை. ஏட்டைப் பார்த்து ஆளுக்காள் பாத்திரம் கொடுத்து, மாதக்கணக்கில் தாளம் பிழைக்காமல் மிதிக்கப் பழகி, சதங்கை அணிந்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். அந்தத் தாமதம்தான் எங்கள் பிள்ளைகளுக்கு மருந்தாக இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாளைக்கும் அண்ணாவியார் வருவார், நாளன்றைக்கும் வருவார் என்பதை நம்பப் பழகுவதே அவர்களுக்குப் பெரிய விஷயம். ஒரு சமூகமே சேர்ந்து சுமக்கிற கூட்டு மனவடு பற்றி உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள், தனியாளைக் கூப்பிட்டு இருத்திக் கதைப்பது மட்டும் போதாது, குடும்பம், ஊர், சடங்கு எல்லாம் சேர்ந்துதான் ஆற்றவேண்டும் என்று. அந்த வழியில் படித்துவிட்டு வந்த உளவளத்துணை அக்கா, நீங்கள் கூத்துப் பழக்கம் நடக்கிற நேரமெல்லாம் ஒரு மூலையில் இருந்து பார்த்தீர்கள், எந்தப் பிள்ளைக்குத் தனியாகக் கதைக்கவேண்டும் என்று அறிந்து பிறகு கதைத்தீர்கள். போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் வேலை செய்த அனுபவத்தோடு வந்த அண்ணாவும் அப்படித்தான், களிமண்ணையும் வசந்தன் கோலாட்டத்தையும் கொடுத்துவிட்டு, பேச்சைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டார்.

எங்கள் பிள்ளைகள் ஆடியது முல்லைத்தீவின் கோவலன் கூத்து. அதை ஏன் எடுத்தீர்கள் என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், இவ்வளவு கோபமும் நெருப்பும் உள்ள கதை இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று. அதற்கு அண்ணாவியார் வாயால் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளை முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்புக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நந்திக்கடல் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில் பிணங்களுக்கு நடுவே கழுத்தளவு தண்ணீரில் வந்த பாதை, வேறொன்றும் இல்லை. அந்தக் கரையில் இருந்துதான் அவர் அங்குள்ள வற்றாப்பளை அம்மன் கோயிலின் கதையைச் சொன்னார். மதுரையை எரித்த கோபம் ஆறாமல் கடல் தாண்டி வந்த கண்ணகி, இதே கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வந்து பசிக்கிறது என்றாளாம். பொடியள் பொங்கிக் கொடுத்தார்களாம். விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று நின்றபோது கடல் தண்ணீரை ஊற்றி ஏற்றச் சொன்னாளாம். வைகாசிப் பொங்கலுக்கு இன்றைக்கும் அங்கே உப்புநீரில் விளக்கெரிகிறது. ஊரே பயந்த கோபக்காரியைச் சாந்தப்படுத்தியது சின்னப்பிள்ளைகள்தான் என்று சொல்லிவிட்டு, எழும்புங்கோ போவம் என்றார், அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் வானுக்குள் பிள்ளைகள் கதைத்த கதையை நான் இன்னும் மறக்கவில்லை, அந்தக் கிழவிக்கு என்ன கறி வைத்திருப்பார்கள் என்று பெரிய சண்டை.

பெண்பிள்ளைகளும் சதங்கை கட்டலாம் என்று அண்ணாவியார் சம்மதித்தபோது ஊரில் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணகிக்கு ஆடிய பிள்ளைக்கு 2004 டிசம்பர் 26இல் கடல் அம்மாவை எடுத்தது, 2009இல் செல் அப்பாவை எடுத்தது. வழக்குரைக்கும் இடத்தில் அவள் குரலைக் கேட்டால் மயிர் கூச்செறியும். ஆனால் நெருப்பு மூட்டிய பிறகு அம்மன் குளிர்கிற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். "எனக்கு ஆறேல்லை. ஆறின மாதிரி ஏன் பாடவேணும்?" என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் திகைத்துப்போய் நிற்க, அண்ணாவியார் சொன்னார்: "ஆறாட்டி விடு மோளை. பிற்பாட்டுக்காரர் நாங்கள் பாடிக்கொண்டிருப்பம். உனக்கு ஆறினாப் பாடு." அந்த வருடம் அரங்கேற்றத்தில் கண்ணகி பேசாமல் நிற்க, குளிர்த்திப் பாட்டை மற்றவர்கள்தான் பாடினார்கள். அடுத்த வருடமும் அப்படித்தான். பிறகு ஒரு வருடம் அவளே பாடினாள். என்ன மாறியது என்று நாங்கள் கேட்கவில்லை.

மன்னிப்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுதான். வருகிறவர்கள் எல்லோரும் பிள்ளைகள் மன்னித்துவிட்டார்களா என்றுதான் எங்களைக் கேட்டார்கள். மன்னி என்று ஒரு பிள்ளையிடம் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் குந்திய அம்மாக்கள் பதில்தான் கேட்கிறார்கள், பதில் கிடைக்காத வரைக்கும் அவர்களிடமும் அதைக் கேட்க முடியாது. ஆனால் பிள்ளைகள் தாங்களாக மனம் இளகிய இடங்களும் உண்டு, அவற்றைக் கண்ணால் கண்டேன்.

ஒரே அறையில் இரண்டு பொடியன்கள். ஒருவனின் அக்காவை இயக்கம் (புலிகள்) வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனது, அவள் திரும்பவில்லை. மற்றவனின் அப்பா இயக்கத்தில் இருந்து இறந்தவர். இவர்கள் இரண்டு பேரும் அடிபடாத கிழமை இல்லை. அண்ணாவியார் ஒருவனிடம் மத்தளத்தையும் மற்றவனிடம் தாளத்தையும் கொடுத்தார். ஒருவன் பிந்தினால் மற்றவன் பார்த்துத் தூக்கிவிடவேண்டும், இல்லாவிட்டால் ஆடுகிறவர்கள் எல்லோரும் விழுவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டே வாசிக்கத் தொடங்கினார்கள். கன நாளைக்குப் பிறகு ஒரு இரவு, கூத்து முடிந்து சாமான் கட்டும்போது, அக்காவை இழந்தவன் சொன்னான்: "உன்ர அப்பா செய்யேல்லைத்தானே." மற்றவன், "தெரியாதடா. செய்திருந்தா..." என்று தொடங்கி முடிக்கவில்லை. போன வருடம் ஒருவனின் கலியாணத்தில் மற்றவன்தான் மாப்பிள்ளைத் தோழன்.

இனி, ஒப்பாரி பாடிய அம்மம்மாவுக்கு. இறந்தவர்களுக்குச் செத்தவீடு இல்லை, எட்டாம் நாள் சடங்கு இல்லை, அந்தியேட்டி இல்லை, பதுங்குகுழியிலேயே மண்ணைத் தள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் இவர்கள். தங்கச்சியின் கையை விட்டுவிட்டேன் என்று தன்னைத்தானே தின்றுகொண்டிருந்த ஒருவனை மடியில் கிடத்தி, தங்கச்சியின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைப் போட்டு நீங்கள் ஒப்பாரி சொன்னீர்கள். அவன் அன்றைக்குத்தான் அழுதான். ஆனால் காணாமல் போன மகனைத் தேடுகிற ஒரு அம்மா, "என்ர பிள்ளைக்கு ஒப்பாரி வேண்டாம்" என்றபோது, சரி பிள்ளை என்று தாலாட்டுப் பாடினீர்களே அம்மம்மா. நீங்கள் இப்போது இல்லை. இதை உங்கள் பேரப்பிள்ளைகள் வாசிக்கட்டும்.

அப்புறம் ஆசிரியை மிஸ். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று உங்களுடையது, சின்ன வயதில் உடுத்த உடுப்போடு போய்ப் புத்தளத்தில் அகதியாக வளர்ந்தவர் நீங்கள். போர் முடிந்து ஊர் திரும்பி, எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் வந்து சிங்களம் சொல்லிக்கொடுத்தீர்கள். "எங்கட ஆக்களில உங்களுக்குக் கோவம் இல்லையா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலைப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்வார்கள்: "இருந்தது. உங்களோட இல்லை."

அந்த மிஸ் மொழிபெயர்க்க, மாத்தறையிலிருந்து யக்பெர மேளத்தோடு வந்த சகோதரருக்கும் நன்றி. தெற்கில் கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், நீங்கள் அந்தப் பாட்டைப் பாடியபோது எங்கள் பிள்ளைகள் அதே கதையை வேறு மொழியில் கேட்டார்கள். உங்கள் அண்ணா இராணுவத்தில் இருந்து வடக்கிலேயே இறந்தவர் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். பிள்ளைகள் பலர் உங்களோடு சேர்ந்து வாசித்தார்கள். ஒருவன் மட்டும் எழும்பிப் போய்விட்டான், கடைசிவரை உங்களுக்குக் கை கொடுக்கவில்லை. நீங்கள் அவனைக் கூப்பிட்டு வரும்படி கேட்கவில்லை, அதற்குத்தான் உங்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. அவன் இன்றுவரை மாறவில்லை, அதுவும் சரிதான்.

மாதம் தவறாமல் காசு அனுப்பிய கனடா, சுவிஸ், லண்டன் உறவுகளுக்கு, குறிப்பாக எங்கள் பிள்ளைகளின் படம் கேட்காமல் அனுப்பியவர்களுக்கு நன்றி. இரவு எந்நேரமானாலும் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வான்கார அண்ணாவுக்கும், கூத்து உடுப்புகளைக் கூலி வாங்காமல் தைத்துத் தந்த தையலக்காவுக்கும், 18 வயதாகி வெளியேறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலையோ ஒரு உறவோ கிடைக்கும்வரை அலைந்த நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் நன்றி.

சதங்கைகளும் மத்தளமும் இனி கண்ணகிக்கு ஆடிய அந்தப் பிள்ளையிடம் இருக்கும். அவள் இப்போது சனிக்கிழமைகளில் ஊர் வாசிகசாலையில் சின்னவர்களுக்கு ஆட்டம் பழக்குகிறாள், அண்ணாவியாரும் முடிந்தபோது வந்து கதிரையில் இருந்து பிழை பிடிக்கிறார். மத்தளத்துக்கு ஒரு பக்கம் தோல் மாற்றவேண்டும், அதற்கு இருப்பில் உள்ள காசே போதும், ஒருவரும் அனுப்பவேண்டாம். மிச்சக் கணக்கை உதவிய ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்பி வைக்கிறேன். வைகாசியில் ஊர்ப்பக்கம் வருகிறவர்கள் முதலே சொல்லிவிட்டு வாருங்கள், பிள்ளைகள் உங்களைக் காண ஆசையாக இருக்கிறார்கள்.

அன்போடும் கடமையோடும்,
இல்லப் பொறுப்பாளர்