ஆர்க்னிக்குக் குளிர்காலத்திலும் வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஸ்காட்லாந்து பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் வடக்குத் தீவுகளுக்கு ஜூன், ஜூலையில் போனால்தான் உண்டு, மற்ற மாதங்களில் வெறும் காற்றும் மழையும்தான் என்று கடைசியில் முடித்திருந்தார்கள். ஆறு வருடமாக அந்தத் தீவுக்கூட்டங்களில் ஒன்றான ஆர்க்னியில் குடியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

இங்கே பழைய இடங்களைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஸ்கேரா பிரே என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 5,000 வருடங்களுக்கு முன் கட்டிய ஊர், எகிப்தின் கீசா பிரமிடுகளைவிடப் பழையது. 1850 வரை அது வெறும் புல்மேடு. அந்தக் குளிர்காலத்தில் அடித்த புயல் மேட்டின் புல்லையும் மணலையும் வாரிக்கொண்டு போக, அடியில் வீடுகள் தெரிந்தன. இன்று எட்டு வீடுகளைப் பார்க்கலாம். நடுவில் அடுப்பு, இருபுறமும் படுக்கை, எதிரே சாமான் வைக்கும் அடுக்கு, எல்லாமே கல். மரம் கிடைப்பது அரிதான தீவு என்பதால் கல்லில் செய்தார்கள், அதனால்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

ஜூலை வெயிலில் முதல்முறை பார்த்தபோது, வீடுகளை ஏன் மண்ணுக்குள் இப்படிப் புதைத்துக் கட்டினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஒரு ஜனவரியில் போனேன். நிற்க முடியவில்லை, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். அப்போது புரிந்தது. வீடுகளைச் சுற்றிலும் குப்பை மண்ணைக் குவித்துக் குளிரை மறித்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து வீட்டுக்குப் போக மூடிய சந்து. புயல் நாளிலும் அடுத்த வீட்டுக்காரியிடம் நெருப்பு வாங்க வெளியே தலைகாட்ட வேண்டியதில்லை. அந்த மூடிய வழியைக் கட்டியவர்கள் மேல் எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட பிரியம் இன்னும் குறையவில்லை.

மேஷோ என்ற கல்லறை மேடும் அப்படித்தான். டிசம்பர் நடுவில் சூரியன் மறையும்போது ஒளி நீண்ட நடைவழியில் நுழைந்து உள்சுவரில் விழும். கோடையில் வருபவர்களுக்கு இது கிடைக்காது. நான் இரண்டு நாள் மேகத்தைப் பார்த்துத் திரும்பி, மூன்றாம் நாள் பார்த்தேன். கல் சிவந்தது, நான் அழுதுவிட்டேன். 12-ஆம் நூற்றாண்டில் நார்வே வழி வந்த வீரர்கள் அதே சுவரில் எழுத்துகளைக் கீறி வைத்திருக்கிறார்கள். பனிப்புயலுக்கு அஞ்சி ஒரு கூட்டம் இதற்குள் ஒதுங்கியது என்று அவர்களுடைய பழங்கதை ஒன்று சொல்கிறது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். 1952 ஜனவரியில் இந்தத் தீவுகளில் ஆயிரக்கணக்கான கோழிக்கூண்டுகளைக் காற்று தூக்கிப்போனது. கோழிவளர்ப்பை நம்பிய குடும்பங்கள் நொடித்துப்போயின. அந்த நாளைப் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் எங்கள் ஊரில் உண்டு.

புயலைப் பற்றி இவ்வளவு அன்பாக எழுதினாலும், அது தருவதோடு நிற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1924-ல் இன்னொரு புயல் ஸ்கேரா பிரேயில் ஒரு வீட்டின் பகுதியைக் கொண்டுபோனது. பிறகு கட்டிய கடல்சுவர்தான் ஊரை இன்று காக்கிறது. சுவரின் இரு முனைகளிலும் அலை கரையை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஊர் எழுந்த காலத்தில் கடல் இவ்வளவு பக்கத்தில் இல்லை. ரௌசே தீவில் ஸ்வான்ட்ரோ என்ற தொல்லியல் இடத்தில், கடல் அதன் அடியிலிருந்தே மண்ணை உருவுகிறது. அலை தின்பதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று கோடைதோறும் அங்கே தோண்டியிருக்கிறார்கள். வெஸ்ட்ரே தீவில் மணலைக் காற்று அரித்த இடத்தில் தோண்டும்போது, 2009-ல் விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு கல் பொம்மை கிடைத்தது. கண், புருவமெல்லாம் கீறிய முகம். அது போன்ற எத்தனை பொம்மைகள் யார் கண்ணிலும் படாமல் கடலுக்குள் போயிருக்கும்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

எனவே உங்கள் வாசகர்கள் குளிர்காலத்திலும் வரவேண்டும். ஸ்காட்லாந்தின் வடகரையில் உள்ள ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து எங்கள் ஊர் ஸ்ட்ராம்னஸுக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் காற்று மிஞ்சினால் கப்பல் ஓடாது. கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பர்சே கரையோரத் தீவுக்கு நடந்து போவதென்றால் கடல் வற்றும் நேரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தாழ்நீருக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான் வழி திறந்திருக்கும். புயலுக்கு மறுநாள் கரையில் நடக்கும்போது மண்சரிவில் கல்வரிசையோ எலும்போ தெரிந்தால், தயவுசெய்து எதையும் எடுக்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தீவின் தொல்லியலாளரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த புயலுக்கு முன் அவர்கள் போய்ப் பார்த்தாக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகி,
ஸ்ட்ராம்னஸ், ஆர்க்னி