லத்தீன் பூசையோடு எங்கள் கவலை முடிந்துவிடவில்லை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய முறையைப் பற்றி நிற்கும் கத்தோலிக்கர்கள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய லத்தீன் பூசைக்கு 2007இல் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) கொடுத்த அனுமதியும், 2021இல் பிரான்சிஸ் பாப்பரசர் அதைச் சுருக்கியதும் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால், லத்தீன் பூசை ஒன்று கிடைத்துவிட்டால் எங்களுக்கு வேறு குறையே இருக்காது என்ற பொருளில் நடுவே ஒரு வாக்கியம் வந்ததே, அதை யாரைக் கேட்டு எழுதினீர்கள்? புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் ஏதாவதொரு கோயில் வாசலில் நின்று நாலு பெரியவர்களிடம் விசாரித்திருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது. பூசை எங்களுக்கு உயிர். ஆனால் ஞாயிறு போக மற்ற ஆறு நாள் எப்படி வாழ்வது, கடைசியில் எப்படிச் சாவது என்பதும் எங்களுக்கு அதே அளவு கவலைதான்.

வெள்ளிக்கிழமையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் எல்லா வெள்ளியும் இறைச்சி விலக்க வேண்டிய சுத்தபோசன நாள் என்று இன்று நடப்பிலுள்ள திருச்சபைச் சட்டம், எண் 1251, சொல்கிறது. பெருவிழா அன்று வந்தால் மட்டுமே விலக்கு. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தியும் சேர்ந்த நாட்கள்: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை பசியாறச் சிறிது. 14 வயது முடிந்தவர்களைச் சுத்தபோசனம் கட்டுப்படுத்தும். ஒருசந்தி 18 முடிந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும்வரை. இறைச்சிக்குப் பதிலாக வேறு தவத்தை ஆயர் பேரவை வைக்கலாம் என்று எண் 1253இல் இருப்பது எங்களுக்கும் தெரியும். பதில் என்றால் எடுத்த இடத்தில் இன்னொன்று இருக்க வேண்டும் அல்லவா? இறைச்சியும் வந்துவிட்டது, பதில் தவமும் காணோம். பக்கத்து இந்து வீட்டில் வெள்ளிக்கிழமை கவுச்சி இல்லை. நம் வீட்டுக் கல்யாண வரவேற்பில் வெள்ளிக்கிழமை பிரியாணி. மீன் தடையில்லைதான், கடலோரத்தில் அது பெரிய சலுகை. இருந்தாலும் வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தவம் செய்தேன் என்று சொல்லப் பழைய ஆட்களுக்கு வாய் வராது.

பூசையில் கொடுக்கும் அப்பமாகிய நற்கருணையை வாங்குவதற்கு முன், அந்தக் காலத்தில் நள்ளிரவிலிருந்து பச்சைத்தண்ணீரும் படாமல் இருந்தார்கள். 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) தண்ணீரை அனுமதித்தார், 1957இல் நேரத்தை 3 மணியாக்கினார், 1964இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் (பவுல்) 1 மணியாக்கினார். அந்த ஒரு மணி நேரம் நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுவது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணைக்கு வருவதற்கே முக்கால் மணி ஆகிவிடுகிறது. ஆக, எஞ்சியது கால் மணி நேரம். அதைக்கூடப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு என்ன விலக்கு?

எங்களைக் கடும்போக்காளர்கள் என்று கட்டுரை சொல்கிறது. புத்தி தெளியும் வயதில், ஏறக்குறைய 7 வயதில், பிள்ளைக்கு நற்கருணை கொடுங்கள் என்று 1910இல் ஆணையிட்டவர் நாங்கள் போற்றும் பத்தாம் பத்திநாதர். ஐந்தாம் வகுப்பு வரட்டும், மண்டபம் பிடித்து விருந்து வைக்கப் பணம் சேரட்டும் என்று தள்ளிப்போடுவது நாங்கள் அல்ல. அந்தப் பிள்ளைகளிடம் ஞானஸ்நானம் முதலான திருச்சடங்குகளாகிய ஏழு தேவதிரவிய அனுமானங்களைக் கேட்டுப் பாருங்கள். கேள்வி-பதிலாக மறையைச் சொல்லும் சின்னக்குறிப்பிடத்தை மனப்பாடம் செய்வது பழம்பாணி என்று தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நாடகமும் வண்ணம் தீட்டுவதும் வைத்தால் வேறென்ன கிடைக்கும்?

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும்: ஆத்துமசோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களை, வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்பது இன்றும் சட்டம் (எண் 988). கிறிஸ்துமஸுக்கும் பாஸ்காவுக்கும் முன் ஒரே மாலையில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றால் ஆளுக்கு அரை நிமிடம் கிடைக்கும். அதில் வகை ஏது, எண்ணிக்கை ஏது? வாரந்தோறும் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் குருவானவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தால் அந்த நெரிசலே இருக்காது. பல அறிவிப்புப் பலகைகளில் பூசை நேரம் இருக்கிறது, இந்த நேரம் இல்லை.

இதையெல்லாம்விட எங்களை வாட்டுவது சாவைச் சுற்றி நடப்பது. நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசும் நோயில் பூசுதல் என்றாலே குடும்பங்கள் பயப்படுகின்றன. சாமியார் வந்தால் நோயாளி மனம் உடைந்துவிடுவார் என்று தள்ளிப்போடுகிறார்கள். கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசம் பொருத்திய பிறகு அழைக்கிறார்கள். அப்போது பாவசங்கீர்த்தனம் செய்ய வாய் இல்லை, நற்கருணை வாங்கத் தொண்டை இல்லை. முறை இதுதான்: நினைவு இருக்கும்போதே முதலில் பாவசங்கீர்த்தனம், பிறகு எண்ணெய் பூசுதல், பிறகு வழித்துணையாக நற்கருணை, சாகும் வேளைக்குரிய பரிபூரண பலனோடு (பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை) பாப்பரசரின் ஆசீர். வீட்டில் என்றால் சிறு மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்), இரண்டு மெழுகுவத்தி, தீர்த்தம், கொஞ்சம் பஞ்சு, ஒரு தம்ளர் தண்ணீர். மருத்துவமனையில் ஆக்சிஜன் ஓடும் இடத்தில் மெழுகுவத்தி கொளுத்தவே கூடாது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அப்பத்தில் சிறு துண்டை ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுக்கலாம். நினைவு தப்பியவருக்கும் பூசலாம், நினைவோடு இருந்தபோது அவர் கேட்டிருப்பார் என்று கருத இடமிருந்தால் போதும் (எண் 1006). உயிர் பிரிந்ததா என்று சந்தேகமிருந்தாலும் பூசலாம். இறந்தது உறுதியான பிறகு பூச முடியாது. இது தெரியாமல் பிணவறை வாசலில் நின்று குருவானவரோடு சண்டை பிடிக்கிறார்கள். அவர் என்ன செய்வார்?

அடக்கத்தன்று பிரசங்கத்தில் இறந்தவர் நேரே மோட்சம் போய்விட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள். தெருமுனைப் பதாகையிலும் அப்படியே. அப்படியானால் அவருக்காக எதற்கு வேண்டிக்கொள்வது? மோட்சம் போகுமுன் தண்டனை தீர்த்துத் தூய்மையடையும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களைப் பட்டினி போடுகிற பேச்சு அது. நவம்பர் 1 முதல் 8 வரை எந்த நாளும் கல்லறைக்குப் போய் மரித்தோருக்காக வேண்டினால், நாளுக்கு ஒன்றாக ஒரு பரிபூரண பலனை ஓர் ஆத்துமாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நற்கருணையும் பாப்பரசர் கருத்துக்கான செபமும் வேண்டும். அற்பப் பாவத்தின்மீதுகூடப் பற்று இருக்கக் கூடாது. பாவசங்கீர்த்தனம் மட்டும் முன்னும் பின்னும் சுமார் 20 நாளுக்குள் ஒன்று போதும். 2ஆம் தேதி மாலை கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. 3ஆம் தேதி காலை வாடிய பூவைத் தவிர அங்கே யாருமில்லை. மீதி நாட்களின் பலன் அப்படியே வீணாகிறது. உடலை எரிப்பதை 1963 முதல் திருச்சபை பொறுத்துக்கொள்கிறது. அடக்கத்தையே விரும்பிப் பரிந்துரைக்கிறது. அஸ்தியைக் கடலில் கரைக்கக் கூடாது என்று 2016இல் உரோமை எழுதியது, இத்தனை கடற்கரை உள்ள நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காணிக்கை கொடுத்து இன்னாருக்காக என்று பூசை கேட்கும் பூசைக் கருத்து விஷயத்திலும் இதே நிலை. ஒரு காணிக்கைக்கு ஒரு பூசை என்பது எண் 948. பல பேருடைய கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பதற்கு 1991இல் உரோமை வரம்பு போட்டது, 2025இல் புதிய ஆணை வரும்வரை அதுவே நடப்பில் இருந்தது: கொடுத்தவர்களின் சம்மதம் முன்கூட்டியே வேண்டும், நேரமும் இடமும் அறிவிக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது, குருவானவர் ஒரு காணிக்கையை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். தினந்தோறும் முப்பது பெயரை வரிசையாக வாசிக்கும் இடங்களில் இதை யாராவது மக்களுக்குச் சொன்னார்களா? கிரகோரியார் பூசை முப்பதும் இறந்த ஒருவருக்காக முப்பது நாள் தொடர்ந்து ஒப்புக்கொடுக்கப்பட வேண்டியவை.

பழமை என்றால் சாதியும் திரும்பி வரும் என்று கட்டுரையின் கடைசிப் பத்தி குறிப்பால் சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. புதுச்சேரியின் சம்பா கோயிலுக்குள் ஒரு காலத்தில் சாதிச்சுவர் நின்றது உண்மை. அங்கே ஒதுக்கப்பட்டவர்கள் முறையிட்டதும் 1745இல் குருக்கள் அதை அகற்றியதும் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் இருக்கின்றன. அந்தக் குருக்கள் சொன்னது லத்தீன் பூசைதான். நாங்கள் திரும்பக் கேட்கும் ஞானோபதேசத்தில் (மறைக்கல்வியில்), வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் நான்கில் இரண்டு, ஏழையை ஒடுக்குவதும் கூலியாளின் கூலியைப் பிடித்து வைப்பதும். இதை மனப்பாடம் செய்து வளர்ந்தவனுக்குத் தனிக் கல்லறை வரிசையை நியாயப்படுத்த வழியே இல்லை.

தங்களிடம் கேட்பது அதிகமில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குத் திருத்தம் வெளியிடுங்கள். ஞாயிறு பூசை நேரங்களைப் பட்டியலிடும் பக்கத்தில், பாவசங்கீர்த்தன நேரத்தையும் பங்குகளிடம் கேட்டு வாங்கிச் சேருங்கள். அக்டோபர் கடைசி இதழில் நவம்பர் எட்டு நாளின் விவரத்தைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். இடம் இல்லையென்றால் பட்டியலின் ஓரத்தில் இரண்டு வரி இருந்தாலும் போதும்.

இங்ஙனம்,
ஞானோபதேச ஆசிரியர் (ஓய்வு),
கடலூர் முதுநகர்.