விட்லி கோர்ட்டை அழித்தது தீ மட்டுமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணக் கட்டுரையில் இங்கிலாந்தின் விட்லி கோர்ட் மாளிகையைப் பற்றி '1937-இல் தீயில் அழிந்தது' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். மகள் வூஸ்டரில் இருப்பதால் இரண்டு முறை அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன்.

1937 செப்டம்பரில் தீப்பிடித்தது உண்மைதான். ஆனால் மாளிகை முழுவதும் எரிந்துவிடவில்லை, ஒரு பகுதிக்குத்தான் பெரிய சேதம். அப்போதைய உரிமையாளர் சர் ஹெர்பர்ட் ஸ்மித் கம்பள ஆலை முதலாளி. அவர் திரும்பக் கட்டாமல் விற்றுவிட்டார். அப்புறம் கை மாறியதில் கூரை ஈயம், குழாய் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போனார்கள். கூரை போன வீடு எத்தனை மழையைத் தாங்கும்?

உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. மாடிகளின் தரை ஒன்றுகூட இல்லை. குளிர்காயும் கணப்புகள் மட்டும் வெறும் சுவரில், ஆள் எட்டாத உயரத்தில் அப்படியே இருக்கின்றன.

டெர்பிஷயரில் உள்ள சட்டன் ஸ்கார்ஸ்டேல் மாளிகையில் தீயே பிடிக்கவில்லை. 1919-இல் விற்றார்கள், வாங்கியவர்கள் கூரையைப் பிரித்தார்கள். அதன் அறைகளின் மரவேலைப்பாடுகளை இன்று பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

விட்லி மாளிகையை ஒட்டியே நிற்கும் தேவாலயத்தைக் கட்டுரையாளர் எப்படி விட்டார் என்று தெரியவில்லை. அது தீக்குத் தப்பியது. அதன் விதான ஓவியங்களும் வண்ணக் கண்ணாடிகளும் லண்டன் பக்கம் இருந்த கேனன்ஸ் என்ற மாளிகையின் சிற்றாலயத்தில் இருந்தவை. 1747-இல் அந்த மாளிகையைப் பிரித்து ஏலம் விட்டபோது, அன்று விட்லியின் உரிமையாளராக இருந்த ஃபோலி பிரபு வாங்கி வந்தார். கேனன்ஸ் இன்று இல்லை, அதன் விதானம் இருக்கிறது. அதுவும் பிரித்து விற்றதுதான். ஆனால் வாங்கியவருக்கு ஓவியம் வேண்டியிருந்தது. விட்லியை வாங்கியவர்களுக்கு எடைதான் வேண்டியிருந்தது.

தீ என்று மட்டும் எழுதினால் விதி என்று ஆகிவிடும். விற்றவர்களும் வாங்கியவர்களும் மறைந்துவிடுவார்கள். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள்.

இன்னொன்று. உங்கள் படத்தில் விட்லி தோட்டத்தின் பெர்சியஸ் நீரூற்று வறண்டு கிடக்கிறது. அதைப் பழுதுபார்த்துவிட்டார்கள், கோடையில் குறிப்பிட்ட நேரங்களில் திறந்துவிடுகிறார்கள். போகிறவர்கள் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி