இதய நோய்க்கு 14 நாள் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் படைவீரர் ஓய்வூதியம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' பற்றி விரிவாக எழுதியவர், ராணுவப் பணியால் உடல் பாதிப்பு அடைந்தவருக்குத் தரும் டிஸெபிலிட்டி பென்ஷனை இரண்டு வரியில் முடித்துவிட்டார். குண்டடி பட்டவர்கள் மட்டும்தான் அதை வாங்குகிறார்கள் என்பது போல ஒரு தொனி வேறு. குண்டடி பட்டவருக்கு அதிகம் வம்பில்லை, காயம் கண்ணுக்குத் தெரியும். இழுத்தடிப்பெல்லாம் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதய நோய் என்று வெளியே வருகிறவர்களுக்குத்தான். நான் ராணுவத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் பக்கத்து முன்னாள் சிப்பாய்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் 2023 செப்டம்பரில் புது விதிகள் வருமுன் வெளியே வந்தவர்கள். அவர்களில் இதய நோய்க்காரர்களின் கதையை மட்டும் சொல்கிறேன்.

உடல் தகுதி குறைந்தவர் என்று பதிவான சிப்பாய், பணி முடிந்து கிளம்புமுன் மெடிக்கல் போர்டு என்கிற ராணுவ மருத்துவர் குழு முன்னால் போய் நிற்பார். பாதிப்பு எத்தனை சதவீதம், அது ராணுவப் பணியால் வந்ததா அல்லது பணியால் கூடியதா என்று போர்டு எழுதும். 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, பணிக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்றும் எழுதினால்தான் பணம். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு 30 சதவீதம் போட்டிருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 50-க்குக் கீழே இருந்தால் 50 என்று உயர்த்திக் கணக்கிட வேண்டும். பணிக்காலத்தை முழுதாக முடித்து ஓய்வு பெற்றவருக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 100 சதவீதம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் கிடைக்கும். அப்படியானால் கடைசியாக 50,000 ரூபாய் வாங்கியவருக்கு 100 சதவீதத்துக்கு 15,000, 50 சதவீதத்துக்கு அதில் பாதி. அதாவது வழக்கமான பென்ஷன் போக மாதம் 7,500 ரூபாய், அதன்மேல் அகவிலை நிவாரணம். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, செக்யூரிட்டி வேலைக்குக்கூடப் போக முடியாமல் வீட்டில் இருக்கிற மனிதருக்கு இது சின்னத் தொகை இல்லை.

பணித் தொடர்பு என்ற அந்த ஒரு கட்டத்தில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கு 2002-ல் ஒரு வழிகாட்டி வந்தது, 2008-ல் திருத்தினார்கள். அதை வைத்துக்கொண்டு, மாரடைப்பு வந்த நாளுக்கு முந்தைய 14 நாள் அந்த ஆள் என்ன வேலை பார்த்தார் என்று அவருடைய படைப்பிரிவான யூனிட்டிடம் பட்டியல் கேட்பார்கள். பட்டியலில் கடுமையான வேலை எதுவும் இல்லை, ஆளும் பீஸ் ஸ்டேஷனில், அதாவது சண்டை, எல்லைக் காவல் இல்லாத அமைதிப் பகுதி முகாமில் இருந்தார் என்றால் சரி, முடிந்தது. 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல' என்று எழுதி மூடிவிடுவார்கள்.

பக்கத்து ஊர் ஹவில்தார் ஒருவரின் காகிதங்கள் இப்போது என் மேஜையில் இருக்கின்றன. குப்வாரா, சியாச்சின், அருணாசல எல்லை என்று சுற்றிவிட்டுக் கடைசியாகச் சமவெளியில் ஒரு பீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவர். வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, காலையில் பிடி என்கிற உடற்பயிற்சி முடிந்து தங்குமிடத்துக்குத் திரும்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய 14 நாள் தாளைப் பார்த்தால், தேதிவாரியாக பிடி, பரேட், ஸ்டோர் வேலை. ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே 'ஓய்வு'. கீழே 'சாதாரணப் பணி, கூடுதல் அழுத்தம் ஏதுமில்லை' என்று ஒரு வரி. இரவுக் காவல் ட்யூட்டி ஒன்றுகூட அதில் இல்லை. "வாரத்துக்கு ரெண்டு ராத்திரி நின்னேன் சார், அது எங்க போச்சு?" என்று கேட்கிறார் மனிதர்.

எங்கே போகும்? அந்தத் தாள் தயாராகிற விதம் எனக்குத் தெரியும். ஆள் மருத்துவமனையில் படுத்திருப்பார். சில வாரம் கழித்து யூனிட்டுக்குக் கடிதம் வரும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழைய மாதிரி ஒன்று கிடக்கும். பேர், நம்பர், தேதியை மாற்றி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, ட்யூட்டி ரோஸ்டரைத் தேடி எடுத்துச் சரிபார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் பென்ஷன் அந்த ஒற்றைத் தாளில் தொங்குகிறது என்பது டைப் அடிக்கிற பையனுக்குத் தெரியவே தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், அதே வழிகாட்டியின் 47-வது பத்தியைப் படித்தால் நம் பக்கம் பேசுவது போலவே இருக்கும். எல்லைப் பகுதியிலும் மலை உச்சியிலும் பணி செய்வது, குடும்பத்தைப் பிரிந்திருப்பது, இரண்டு இடத்தில் குடித்தனம் நடத்துகிற பணக் கஷ்டம், பிள்ளைகளின் படிப்பு கெடுவது, எல்லாம் சேர்ந்து நாள்பட்ட மன அழுத்தமாகி மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது வருஷக்கணக்கில் நடக்கிற விஷயம் என்று எந்த டாக்டரும் சொல்வார். சியாச்சினில் படிந்தது சமவெளிக்கு வந்தபின் அடைத்துக்கொண்டால் அதற்கு எந்த 14 நாளைப் பார்ப்பது?

நீதிமன்றங்கள் இதைப் பலமுறை பேசிவிட்டன. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கிலும், 2015-ல் ராஜ்பிர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: நோய் எதுவும் இல்லை என்று பதிவுசெய்து சேர்த்த ஆளுக்குப் பிற்பாடு நோய் வந்தால், பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று சொன்னால் காரணத்தை போர்டு எழுத வேண்டும், நிரூபிக்கிற சுமையைச் சிப்பாய் தலையில் வைக்கக்கூடாது. 2008-ல் வந்த பென்ஷன் விதிகளில், பணியால் வந்தது என்று கொள்ளும் அந்த அனுமானம் இல்லை என்று அரசு வாதாடுகிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும், காரணம் எழுதாமல் விட்டுவிடலாம் என்று அந்த விதிகள் சொல்லவில்லையே. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-ல் இதைத்தான் சொன்னது. 'பீஸ் ஸ்டேஷனில் வந்தது' என்பது இடத்தைச் சொல்வது, காரணத்தைச் சொல்வது ஆகாது.

இந்த பென்ஷனைத் தவறாக வாங்குகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கலாம். ஓய்வு பெறும்போது இதை வாங்குகிற விகிதம் சிப்பாய்களைவிட அதிகாரிகளிடம் அதிகம் என்று தணிக்கை அறிக்கையே காட்டியது. அதை விசாரிக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை சிப்பாய் மேல் காட்டுவதில் என்ன நியாயம்? அதோடு, படைவீரர் வழக்குகளுக்கான ஆயுதப்படைத் தீர்ப்பாயமான ட்ரிப்யூனலில் சிப்பாய் ஜெயித்த பிறகும் அரசு மேலே போகிறது. 2015-ல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு, இப்படிப்பட்ட வழக்குகளில் மேல்முறையீடு செய்வதை நிறுத்தச் சொன்னது. இன்னும் நின்றபாடில்லை.

அமெரிக்காவிலும் இழுபறி இல்லாமல் இல்லை. ஆனாலும் வியட்நாமில் பணியாற்றியவருக்கு இதய ரத்தக்குழாய் நோய் வந்தால், அங்கே தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்ச்' களைக்கொல்லியோடு தொடர்புடையது என்றே 2010 முதல் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே இருந்தார், இந்த நோய் இருக்கிறது என்று காட்டினால் போதும், தொடர்பைத் தனியாக நிரூபிக்க வேண்டாம். சியாச்சினிலும் எல்லைப் பகுதியிலும் இத்தனை காலம் இருந்தவருக்கு இதய நோய் வந்தால் பணித் தொடர்பு உண்டு என்று நம் பாதுகாப்பு அமைச்சகமும் ஒரு வரி எழுதிவிட்டால் பாதி வழக்கு குறைந்துவிடும்.

அது நடக்கிற வரைக்கும் ஒன்று செய்யலாம். 14 நாள் தாளை போர்டு கூடுவதற்கு முன்பே சம்பந்தப்பட்டவர் கையில் கொடுத்து, விடுபட்டதை எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கட்டும். அதோடு அவருடைய முழுப் பணியிடப் பட்டியலையும் வைக்கட்டும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பட்ஜெட்டில் ஒதுக்கீடும் வேண்டாம்.

கடைசியாக, நிராகரிப்புக் கடிதத்தை ட்ரங்க் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. கடிதம் வந்து 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் தள்ளுபடி ஆனால் மறுபடி 6 மாதத்துக்குள் இரண்டாவது. மேல்முறையீட்டுக்கு 6 மாதமாகியும் பதில் வராவிட்டால் ட்ரிப்யூனலுக்குப் போகலாம், அதன் கிளை சென்னையிலேயே இருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். மாதாமாதம் வரவேண்டிய பணம் என்பதால் தாமதத்தை மன்னித்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 2008-ல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பின்படி, மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷ நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும்.  மேல்முறையீட்டுக்குப் போகுமுன் மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது இந்தக் காலக்கெடுகளை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ எழுத்தர்,
வேலூர் மாவட்டம்