ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை (சென்னை அருகே உள்ள ரேஸ் ட்ராக்) கார் ரேஸில் ஓட்ட வருகிறவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, காலை 6 மணிக்கே கேட்டில் இருங்கள். வண்டிச் சோதனை முடியாமல் யாரையும் ட்ராக்கில் விடமாட்டார்கள். ஜாக்கி, தண்ணீர் பாட்டில், மேட் எல்லாவற்றையும் காரிலிருந்து எடுத்துவிடுங்கள்; பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு பாட்டில் உருண்டால் போதும், அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை. நைலான் உடை வேண்டாம், தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

ட்ராக்கின் ஒரு சுற்று கிட்டத்தட்ட 3.7 கிலோமீட்டர். மஞ்சள் கொடியில் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் வேகத்தைக் குறைத்து பிட்டுக்கு (ட்ராக் ஓரம் வண்டிகளை நிறுத்திக் கவனிக்கும் இடம்) வாருங்கள். நீலம் காட்டினால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. அங்கே கௌரவம் பார்க்காமல் வழிவிடுங்கள்.

டயர் சூடானால் காற்றழுத்தம் ஏறும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளந்து பாருங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடவேண்டாம், சூட்டில் பிடித்துக்கொள்ளும்; கியரில் விடுங்கள்.

மோர் நான் கொண்டுவருகிறேன்.