மணிக்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பதின்பருவப் பிள்ளைகளின் ஆன்லைன் விளையாட்டு மோகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவசியமான கட்டுரைதான். ஆனால் 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாடினால் ஆபத்து' என்பதையே அது சுற்றிச் சுற்றி வந்ததில் எனக்கு உடன்பாடில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கட்டுக்கடங்காத விளையாட்டு மோகம் ஒரு கோளாறாகவே இடம்பெற்றிருக்கிறது. அந்த விளக்கத்தில் மணிக்கணக்கே கிடையாது. நிறுத்த நினைத்தாலும் முடியாமல் போவது, மற்ற எல்லாம் விளையாட்டுக்குப் பின்னால் போய்விடுவது, கெடுதல் கண்ணெதிரே நடந்தும் தொடர்வது என்று மூன்றைத்தான் அது கேட்கிறது. இவற்றால் படிப்போ உறவோ நன்றாக அடிபட்டிருக்க வேண்டும். பொதுவாக 12 மாதங்களாவது இது நீடித்திருக்க வேண்டும்.

நான் பள்ளி ஆசிரியை. விடுமுறை நாள் முழுக்க நண்பர்களோடு சேர்ந்து விளையாடிவிட்டு, மறுநாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இன்னொரு மாணவன் அவர்களைவிடக் குறைவாகத்தான் விளையாடுவான், ஆனால் எல்லோரும் தூங்கிய பிறகு. காலையில் முதல் பாடவேளையிலேயே தலை மேசையில் சாய்ந்துவிடும். உயிராக நினைத்த கைப்பந்தை விட்டுவிட்டான், பழைய நண்பனோடு பேச்சும் நின்றுபோனது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, "அங்கதான் மிஸ் யாரும் என்னைக் கேலி பண்றதில்ல" என்றான். செல்போனைப் பிடுங்கிக்கொண்டால் அவனுக்கு இருக்கும் ஒரே இடமும் போய்விடும். கேலி மட்டும் அப்படியே இருக்கும். மனச்சோர்வும் தனிமையும் பிள்ளையை விளையாட்டுக்குள் தள்ளுவதும் உண்டு, தூக்கம் கெட்டு அந்தச் சோர்வு இன்னும் கூடுவதும் உண்டு.

நேரத்துக்குப் பூட்டுப் போட்டுப் பார்த்த நாடும் இருக்கிறது. தென் கொரியா 2011-இல், 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணையத்தில் விளையாடத் தடை கொண்டுவந்தது. செல்போன் விளையாட்டுகள் அதற்குள் வரவில்லை. 2022 தொடக்கத்தில் அந்தத் தடையே விலக்கப்பட்டது.

விளையாட்டைத் தயாரிப்பவர்களையும் கேள்வி கேட்க வேண்டும். டீமாக ஆடும் பல விளையாட்டுகளில் நடுவில் நிறுத்தவே முடியாது. பாதியில் வெளியேறினால் ரேங்க் குறையும், கூட ஆடுபவர்களின் திட்டு வேறு. அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் பிள்ளை எரிந்துதான் விழும். அதை அடிமைத்தனம் என்று எடுத்துக்கொள்ளாமல், 'இந்த மேட்ச் முடிந்ததும் வா' என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பாக்ஸ்' விஷயம் இன்னும் மோசம். பெல்ஜியம் 2018-இலேயே அதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. மற்ற நாடுகளும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது?

அப்புறம், ஒரு வேண்டுகோள். தூக்கம், சாப்பாடு, நட்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டுப் போகும் பிள்ளையை யாரிடம் அழைத்துப் போவது, அங்கே என்ன கேட்பார்கள், எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்றால் என்ன என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. 'வாழவே பிடிக்கவில்லை' என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரிவதில்லை. மனநல மருத்துவர் ஒருவரைக் கொண்டு பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி ஒன்றைத் தொடங்குங்கள். வகுப்பில் என் காதில் விழுந்த கேள்விகளை எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை